பிரித்துக் கட்டுவதா, மாற்றுவதா?

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனம் பெருக்கட்டும் என்பது அரசின் நோக்கம். படகுக்காரர்களுக்கோ அது பழுது பார்க்கும் பருவம். பலகை மாற்றுவார்கள், வண்ணம் பூசுவார்கள், வலை பின்னுவார்கள், எஞ்சினை இறக்குவார்கள்.

2025ஆம் ஆண்டின் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தபோது, பெங்களூரு சி.வி. இராமன் நகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தொழில்நுட்பர் ஒருவருக்குப் பூம்புகாரிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர் அவருடைய அண்ணன் மகன்.

“சித்தப்பா, ஆயில் பால் மாதிரி வெளுத்துப் போச்சு. மெக்கானிக் பிரிச்சுக் கட்டலாங்கறாரு. ஏலக்காரரு புதுசு போடு, பணம் நான் தாறேங்கறாரு. நீங்க சொல்லுங்க.”

எஞ்சின் எண்ணெய் வெளுப்பது என்றால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். அது மட்டும்தான் உறுதி. தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பதற்குப் பல விடைகள் உண்டு. எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய்க்கூடு அரித்திருக்கலாம். அது மலிவான விடை. ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்கலாம், அதுவும் தாங்கக்கூடியதே. லைனரின் அடியில் உள்ள ரப்பர் வளையம் இற்றிருக்கலாம். அப்போது எஞ்சினை முழுவதும் பிரிக்க வேண்டும். கடைசி விடை, பிளாக் எனப்படும் வார்ப்பு உடலிலேயே விரிசல். அந்த விடைக்குப் பெரும்பாலும் மருந்து இல்லை.

பெரியவர் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியதன்று. “வெளுக்கறதுக்கு முன்னாடி சூடாச்சா?” என்றார். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. தடைக்காலத்துக்கு முந்தைய கடைசிப் பயணத்தில் கடல்நீரை இழுக்கும் பம்பின் ரப்பர்ச் சக்கரம் சிதைந்துவிட்டது. சூடு ஏறியது தெரிந்தும், கரை சேரும் வரை எஞ்சினை நிறுத்தவில்லை. காற்று மாறிக்கொண்டிருந்தது, படகில் ஆறு பேர் இருந்தார்கள்.

“சரி, பிரிக்காத. நான் வாறேன்” என்றார் அவர்.

அவருடைய தொழில் இங்கே சொல்லப்பட வேண்டும். பூம்புகாரை அடுத்த மீனவக் குப்பம் ஒன்றில் பிறந்து, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பயிற்சி முடித்து, 1980களின் நடுவில் பெங்களூருக்கு வந்தவர். சேர்ந்த இடம் ஜி.டி.ஆர்.இ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கேஸ் டர்பைன் ஆய்வு நிறுவனம். 1959இல் கான்பூரில் சிறு மையமாகத் தொடங்கி, 1961இல் பெங்களூருக்குப் பெயர்ந்த நிறுவனம் அது. அவர் சேர்ந்த சில ஆண்டுகளில், 1989இல், இலகுரகப் போர் விமானத்துக்கான எஞ்சின் திட்டம் அங்கே ஒப்புதல் பெற்றது. எஞ்சினுக்கு ஆற்றின் பெயர் சூட்டினார்கள்: காவேரி. அதன் உள்ளே சுழலும் மையப் பகுதிக்குக் கபினி என்று பெயர். திருமகூடலு நரசீபுரத்தில் காவிரியோடு கலக்கும் துணையாற்றின் பெயர் அது. காவிரி கடலில் கலக்கும் ஊரிலிருந்து வந்தவர் காவேரி என்ற எஞ்சினைப் பிரிக்கவும் பூட்டவும் அமர்த்தப்பட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை அவர் ஊருக்கு எழுதிய கடிதத்தில் பெருமையோடு குறிப்பிட்டதாக வீட்டில் இன்றும் சொல்வார்கள்.

சோதனை மேடையில் ஓடி முடித்த எஞ்சினைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் விரிசல் தேடுவது அவர் வேலை. பாகத்தைக் கழுவித் துடைத்து, சிவப்புச் சாயத்தைப் பூசிக் காத்திருக்க வேண்டும். பிறகு சாயத்தைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தெளித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் புகுந்திருந்த சாயம் மேலே ஊறிச் சிவப்புக் கோடாகத் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் பார்த்தது இந்தச் சிவப்புக் கோடுகளைத்தான்.

காவேரியின் வரலாறு பொதுவெளியில் உள்ளதே. ஒப்புதலின்போது மதிப்பீடு 382.81 கோடி ரூபாய். முடிக்க வேண்டிய காலம் 1996 டிசம்பர். பின்னர் மதிப்பீடு 2,839 கோடியாகத் திருத்தப்பட்டது. எஞ்சின் ஓடியது, ஆனால் வேண்டிய உந்துவிசையைத் தரவில்லை. பின்னெரிப்பானுடன் ஏறத்தாழ 81 கிலோநியூட்டன் தேவைப்பட்டது, கிடைத்தது அதைவிடக் குறைவு. எடையோ திட்டமிட்டதைவிட நூறு கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. இந்தக் குறைகளைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வெளிப்படையாகவே பதிவு செய்தது. விமானம் காத்திருக்கவில்லை. 2001 ஜனவரி 4 அன்று அதன் முதல் சோதனை விமானம் பெங்களூரில் மேலெழுந்தபோது, உள்ளே இருந்தது அமெரிக்காவின் ஜி.இ. எஃப்-404. 2008இல் காவேரி அந்த விமானத் திட்டத்திலிருந்து முறைப்படி பிரிக்கப்பட்டது. 2010 நவம்பர் 3 அன்று மாஸ்கோவுக்கு அருகே, ஐ.எல்-76 என்ற பெரிய சரக்கு விமானத்தின் ஓர் எஞ்சினுக்குப் பதிலாகப் பொருத்தப்பட்டுக் காவேரி முதன்முறையாக வானில் இயங்கியது. எந்தப் போர் விமானத்துக்காக வடிக்கப்பட்டதோ, அந்த விமானத்தில் அது ஏறவே இல்லை.

ஆக, பூம்புகாரிலிருந்து வந்த கேள்வி அவருக்குப் புதிதன்று. அவர் பணிக்காலம் முழுவதும் அவர் தலைக்கு மேலே, அவரைக் கேட்காமலே விவாதிக்கப்பட்ட கேள்விதான் அது. இம்முறை அவரைக் கேட்டார்கள்.

மைசூரிலிருந்து பெங்களூரு வழியாக மயிலாடுதுறைக்குச் செல்லும் இரவு ரயிலில் அவர் கிளம்பினார். பையில் மாற்றுடை, ஒரு மைக்ரோமீட்டர், சாயம், பொடி. வழியெல்லாம் அவரை உறுத்தியது எஞ்சினைவிடத் தம் மனம்தான் என்று பிறகு வீட்டாரிடம் சொன்னார். பிரித்துக் கட்டலாம் என்று சொல்லவே அவர் விரும்பினார். அந்த விருப்பத்துக்கு எஞ்சினின் நிலை காரணமா, தம் வாழ்க்கை காரணமா என்று அவருக்கே தெளிவில்லை. தான் உழைத்த பொருள் ஒதுக்கப்பட்டதைக் கண்டவன், வேறொருவனின் பொருளை ஒதுக்கச் சொல்லத் தயங்குவான். ஆனால் அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுக்கப் போகிறவர் அண்ணன் மகன்.

தமிழில் பொறி என்ற சொல்லுக்கு எந்திரம் என்றும் பொருள், விலங்கைப் பிடிக்கும் கண்ணி என்றும் பொருள், ஐம்புலன்களின் வாயில் என்றும் பொருள், தீத்துளி என்றும் பொருள். பொருள்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வழியில் வந்தவையாக இருக்கலாம். எஞ்சினோடு வாழ்க்கை நடத்துகிறவர்களுக்கு அவை அவ்வளவு தொலைவில் இல்லை. எஞ்சினின் உடல்நிலையைக் காதாலும் மூக்காலும் அறிபவர்கள் அவர்கள். எஞ்சினுக்காகப் பட்ட கடனில் சிக்கிக்கொள்பவர்களும் அவர்கள்தாம்.

கடன்தான் இந்தக் கணக்கில் மறைந்திருந்த எண். துறைமுகத்தில் ஏலக்காரர் முன்பணம் தருவார். பெரும்பாலும் வட்டி என்று தனியாகக் கேட்கமாட்டார். பிடித்து வரும் மீனை அவர் வழியாகவே விற்க வேண்டும், ஒவ்வொரு விற்பனையிலும் கழிவு அவருக்கு. கடன் தீரும் வரை வேறு கைக்கு மீன் போகாது. பிரித்துக் கட்ட ஆகும் செலவு, புதிய எஞ்சினின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கையிருப்பும் மனைவியின் நகையும் அதற்குப் போதும். புதியது என்றால் ஏலக்காரரைத் தவிர வழியில்லை. எனவே கேள்வி எந்த எஞ்சின் நல்லது என்பதோடு நிற்கவில்லை. இனி வரும் சில ஆண்டுகள் மீனுக்கு விலை சொல்லும் உரிமை யாரிடம் இருக்கும் என்பதும் அதில் அடங்கியிருந்தது.

மாற்றுவது முடிந்த காரியம் போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு புதிய உறவின் தொடக்கம். காவேரியின் இடத்தை எடுத்துக்கொண்ட எஞ்சினின் கதையும் இதையே சொல்கிறது. 1998ஆம் ஆண்டு அணுச் சோதனைக்குப் பின் அமெரிக்கா விதித்த தடைகள், அந்த விமானத் திட்டத்தில் அமெரிக்க நிறுவனங்களோடு நடந்துவந்த கூட்டுப்பணியை நிறுத்தின. 2021 ஆகஸ்டில் 99 எஃப்-404 எஞ்சின்கள் வாங்க ஒப்பந்தமானது. அவற்றில் முதலாவது வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். அதுவரை பெங்களூரில் விமானங்களின் உடல்கள் எஞ்சினுக்காகக் காத்திருந்தன. கடற்படையும் இதை அறியும். இந்தியாவுக்காக ரஷ்யாவில் கட்டப்பட்ட போர்க்கப்பல்களுக்கான எஞ்சின்கள் உக்ரைனின் மிக்கலாயிவ் நகரில் செய்யப்படுபவை. 2014க்குப் பின் உக்ரைன் அவற்றை ரஷ்யாவுக்குத் தர மறுத்தது. கடைசியில் இந்தியாவே உக்ரைனிடம் எஞ்சின்களை வாங்கி ரஷ்யக் கட்டுதளத்துக்கு அனுப்பியது. அப்படி முடிந்த துஷில் என்ற கப்பல் 2024 டிசம்பரில்தான் படையில் சேர்ந்தது.

பூம்புகார்த் துறைமுகத்தில் எஞ்சின் பிரிக்கப்பட்டது. லாரி எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த ஆறு உருளை டீசல் எஞ்சின், கடலுக்கேற்ப மாற்றப்பட்டது. பெரியவர் வரிசையாகப் பார்த்தார். எண்ணெய்க் குளிர்விப்பானில் கசிவில்லை. கேஸ்கெட் எரிந்திருந்தது, ஹெட் சற்றே வளைந்திருந்தது, ஆனால் சமன்செய்யும் அளவுதான். கிராங்க் தண்டைப் பல இடங்களில் மைக்ரோமீட்டரால் அளந்தார். தேய்மானம் ஒருமுறை கடைந்து, கால் மில்லிமீட்டர் சிறிய அளவுக்குப் பேரிங் போட்டால் சரியாகிவிடும். அதுவரை எல்லாம் பிரித்துக் கட்டுவதற்கு ஆதரவாகவே இருந்தது. மெக்கானிக்கின் முகத்தில் வெற்றி தெரிந்தது. பெரியவரின் முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு லைனர்களைக் கழற்றி, அவை உட்காரும் இடங்களைக் கழுவிச் சாயம் பூசினார். பொடி தெளித்ததும் நான்காம் உருளையின் அருகே மெல்லிய சிவப்புக் கோடு எழுந்தது. லைனர் அமரும் விளிம்பில் தொடங்கி ஹெட் போல்ட்டின் துளை வரை அது ஓடியது. அவர் பொடியைத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்தார். கோடு அதே இடத்தில் எழுந்தது.

“வெல்டிங் வெச்சுப் பாக்கலாங்களா?” என்றார் மெக்கானிக். வார்ப்பிரும்பில் வெல்டிங் வைத்தால் சூடு ஏறிய இடமும் ஏறாத இடமும் வெவ்வேறாகச் சுருங்கும். அருகிலேயே இன்னொரு விரிசல் பிறக்கும். சூடில்லாமல் ஆணி ஆணியாக முறுக்கித் தைக்கும் முறையும் உண்டு. வெளிச்சுவரில் விரிசல் என்றால் அது நிற்கும். எரிப்பின் அழுத்தமும் போல்ட்டின் இழுவையும் சந்திக்கும் இடத்தில் அதை நம்ப முடியாது.

பழுதோடு ஓட்டியவர்கள் வரலாற்றில் இல்லாமலில்லை. 1971 போரின்போது விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தின் கொதிகலன் ஒன்றில் விரிசல் இருந்தது. அதைச் சரிசெய்ய நேரமில்லை. கப்பலை ஒதுக்கி வைக்கவும் மனமில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டு அந்தக் கப்பல் வங்காள விரிகுடாவுக்குச் சென்றது. அதன் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. மாற்றவும் முடியாது, கட்டவும் முடியாது என்ற நிலையில், இருக்கும் வலுவுக்குள் வேலையைச் சுருக்கிக்கொள்வது மூன்றாவது வழி. ஆனால் விக்ராந்தைச் சுற்றித் துணைக்கப்பல்கள் இருந்தன. ஆறு பேரோடு போகும் படகைச் சுற்றி யாரும் இல்லை.

பெரியவர் கைகளைத் துடைத்துக்கொண்டு, “மாத்திடு” என்றார்.

அண்ணன் மகன் உடனே பதில் சொல்லவில்லை. அன்று மாலை வீட்டில் அவர் கேட்டதுதான் அந்தப் பயணத்தில் பெரியவருக்கு மிகக் கடினமான தருணம். “நீங்க இதக் காப்பாத்துவீங்கன்னு நெனச்சேன் சித்தப்பா. அங்க முப்பது வருசமா ஒண்ணையே திருப்பித் திருப்பிக் கட்டுனீங்களே. அத மாத்துனு யாராச்சும் மொதல்லயே சொல்லியிருந்தா?”

அதில் குத்தல் இல்லை, கேள்விதான் இருந்தது. பெரியவர் யோசித்தே பதில் சொன்னார். படகு எஞ்சினைக் கட்டுவது படகு ஓடுவதற்காக மட்டும். அதைக் கட்டுவதால் பூம்புகாரில் புதிய அறிவு எதுவும் பிறக்கப்போவதில்லை. படகு ஓடாவிட்டால் அந்த வேலைக்கே பொருளில்லை. பெங்களூரில் கட்டியது இரண்டு காரியங்களுக்காக. ஒன்று, ஒரு விமானத்தைப் பறக்க வைப்பது. மற்றொன்று, எஞ்சின் செய்யக் கற்றுக்கொள்வது. முதல் காரியத்துக்குக் காவேரி உதவவில்லை. விமானத்தில் வேறு எஞ்சினை வைத்தது சரியான முடிவு என்று அவர் தயங்காமல் சொன்னார். இரண்டாவது காரியத்தை வாங்கிவர எந்தக் கடையும் இல்லை. டர்பைன் இதழை ஒற்றைப் படிகமாக வார்க்கும் நுட்பத்தையோ, தான் உருகும் வெப்பத்தைவிடச் சூடான காற்றில் அந்த இதழ் நிற்பதற்கான குளிர்விப்பு முறையையோ எவரும் முழுமையாக விற்பதில்லை. இரண்டையும் ஒரே காலக்கெடுவில் கட்டிவைத்ததுதான் தவறு. விமானம் அவசரப்பட்டது, கற்பது அவசரப்பட முடியாதது. 2008இல் நடந்தது ஒரு கைவிடல் என்று அப்போது அவர் நினைத்தார். அது இரண்டு கேள்விகளைப் பிரித்து வைத்த நாள் என்பதை அவர் ஓய்வுபெற்ற பிறகே உணர்ந்தார்.

கேள்விகள் பிரிந்த பிறகு காவேரிக்கு வேறு இடங்கள் தேடப்பட்டன. அவற்றில் ஒன்று கப்பல். விமான எஞ்சின் கப்பலுக்குப் போவது புதுமையன்று. இன்றைய விக்ராந்தை ஓட்டும் நான்கு எல்.எம்.2500 எஞ்சின்களும் ஒரு பெருஞ்சரக்கு விமானத்தின் எஞ்சினிலிருந்து பிறந்த குடும்பம்தான். பின்புறம் பீறிடும் வளியைக் கொண்டு விமானத்தை உந்துவதற்குப் பதில், அந்த வளியால் இன்னொரு டர்பைனைச் சுழற்றி, அதன் தண்டைக் கியர் பெட்டியோடு இணைத்தால் கப்பலின் புரொப்பெல்லர் சுழலும். காவேரியின் மையப் பகுதியிலிருந்து அப்படி ஒரு கடல் வடிவம் செய்யப்பட்டது. விசாகப்பட்டினத்தில் கடற்படையின் சோதனை மேடையில் அது ஏறத்தாழ 12 மெகாவாட் திறன் தந்தது. கப்பலில் நூறு கிலோ கூடுதல் எடை ஒரு பொருட்டன்று, பின்னெரிப்பானும் வேண்டியதில்லை. விமானத்தில் குற்றமாக இருந்தவை கப்பலில் குற்றமாகவே இல்லை. பின்னெரிப்பான் நீக்கிய இன்னொரு வடிவம் ஆளில்லா விமானத்துக்காக வளர்க்கப்பட்டு வருகிறது.

“அதுல பிளாக் நல்லா இருந்துச்சுய்யா. ஒன்னோடதுல இல்ல. அதான் வித்தியாசம்” என்று முடித்தார்.

ஆய்வுலகில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு பழக்கமானதாகத்தான் இருக்கும். தரவு பொய்த்துப்போன ஓர் இயலைத் திருத்தி எழுதுவதா, நீக்கிவிட்டு வேறு இயல் எழுதுவதா என்ற கேள்வி ஏறத்தாழ எல்லா ஆய்வேடுகளிலும் ஒருமுறை எழுகிறது. இத்தனை ஆண்டு உழைத்தாயிற்றே என்பது அங்கே மிக வலுவாக ஒலிக்கும் வாதம். ஆனால் அது இயலின் நிலையைப் பற்றி எதுவும் சொல்லாத வாதம். விரிசல் கேஸ்கெட்டில் இருக்கிறதா, பிளாக்கில் இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சாயம் பூசத்தான் வேண்டும். முடிவு விரும்பியபடி வராதபோது, பொடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் முறை செய்து பார்க்கலாம். மூன்றாம் முறை செய்வது சோதனையன்று.

புதிய எஞ்சின் மே மாத நடுவில் வந்தது. பெரியவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: அதே குடும்பத்து எஞ்சினாக இருக்க வேண்டும். குதிரைத்திறன் கூடிய வேறொன்றை ஏலக்காரர் பரிந்துரைத்தார். அதைப் போட்டால் எஞ்சின் அமரும் கட்டைகள், கியர் பெட்டி, தண்டு, புரொப்பெல்லர் என ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவரும், கடன் இரட்டிப்பாகும். அதே குடும்பத்து எஞ்சின் என்பதால் பழைய கியர் பெட்டியே பொருந்தியது. பழைய எஞ்சினின் கிராங்க் தண்டு, ஹெட், டீசல் பம்பு, ஸ்டார்ட்டர் ஆகியவற்றுக்குக் கிரீஸ் பூசித் தார்ப்பாயில் சுற்றி வீட்டுப் பின்கட்டில் வைத்தார்கள். பிளாக் மட்டும் பழைய இரும்புக்குப் போனது. நகையை அடகு வைத்த பணம் விலையின் ஒரு பகுதிக்கு ஆயிற்று. மீதிக்கு மட்டும் ஏலக்காரரின் முன்பணம். எத்தனை மாதத்துக்கு மீன் அவர் வழியாகப் போகும் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று பெரியவர் சொன்னார். அந்தத் துறைமுகத்தில் அது வழக்கமில்லை. ஏலக்காரர் சிரித்தார், பிறகு கையெழுத்திட்டார்.

மே மாத இறுதியில் அவர் பெங்களூருக்குத் திரும்பியபோது, காவேரிக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்ற முழக்கம் சமூக ஊடகங்களில் பரவிக்கொண்டிருந்தது. பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் காட்டினார்கள். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எதற்காக என்பதைச் சொல்லாமல் நிதி கேட்பதில் பயனில்லை என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 16 காலை பூம்புகாரிலிருந்து அழைப்பு வந்தது. தடை நீங்கியபின் முதல் பயணம் முடிந்து படகு திரும்பியிருந்தது. மீன் எவ்வளவு என்று பெரியவர் கேட்கவில்லை.

“குச்சியை உருவிப் பாத்தியா?”

“பாத்தேன் சித்தப்பா. ஆயில் கறுப்பாத்தான் இருக்கு.”